ஓடிப்போனதுக்கு ஒரு கட்டம்

இல்லைங்க, அந்த ட்யூப் உடைஞ்சதை நான் கண்ணால பாக்கல. எங்க லேப்ல ட்யூப் கழுவுற அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவங்க எனக்குச் சொல்லி, நான் டிபார்ட்மென்ட் ஹெட்டுக்குச் சொல்லி, அவர் ஆபீசுக்குச் சொல்லி, ஆபீஸ்ல இருந்து உங்க காதுக்கு வர்றதுக்குள்ள அது என்னவா மாறிச்சோ. என்ன சொன்னாங்க? நம்பரை எல்லாம் நான் வீட்ல உக்காந்து எழுதினேன்னா? சரி. பரவால்ல, முகத்துக்கு நேரா கேட்டீங்களே. மத்தவங்க நான் வந்தா பேச்சை மாத்திட்டு வெயிலைப் பத்திப் பேசுவாங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். மூணு வருஷமா ஆடுது, நானும் மூணு வருஷமா எழுதிக் கொடுக்கறேன். இதுல உக்காருங்க. மேடம் எல்லாம் வேணாம், இன்னைக்கு சாயங்காலத்தோட நான் இங்க யாரும் இல்ல. அக்காவா? இந்த மாடில அக்கான்னு கூப்பிட்டா கழுவுற அக்காவைத்தான் எல்லாரும் தேடுவாங்க, அவங்க ரிட்டயர் ஆன பிறகும். சும்மா நீங்க வாங்கன்னே பேசுவோம்.

இந்தாங்க சாவி. பெருசு வெளிக்கதவுக்கு. மஞ்சக் கயிறு கட்டினது ஈ ரூமுக்கு. குட்டி சாவி இந்த அலமாரிக்கு, திறக்கும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும், இல்லைன்னா சாவி உள்ள சுத்திக்கிட்டே இருக்கும். பூட்டின பிறகு இழுத்துப் பாத்துடுங்க. நான் மூணு தடவ இழுப்பேன். அது வியாதி, உங்களுக்கு ஒரு தடவ போதும். எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆள் நான். அப்படி வர்றவங்களுக்கு ஒரு பயம் இருக்கும்ல, எங்கயோ ஒரு தாள்ல கையெழுத்துப் போடாம விட்டிருப்போம், யாராவது வந்து எழுந்திரும்மா, இது உன் எடம் இல்லைன்னு சொல்லிடுவாங்கன்னு. அதனால எனக்கு எல்லாமே மூணு தடவ. கேஸ் அடுப்பை மூடினேனான்னு மூணு தடவ, விடைத்தாள்ல கூட்டல் மூணு தடவ. உங்க வீட்லயும் நீங்கதான் மொதலா? அப்ப உங்களுக்குச் சொல்லவே வேணாம்.

எங்கம்மா இருக்காங்களே, நான் பட்டம் வாங்கின அன்னைக்கே தெருவுல எல்லார்கிட்டயும் பொண்ணு டாக்டர் ஆயிட்டான்னு சொல்லிட்டாங்க. ஒரு பெரியம்மா முட்டியைக் காட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டாங்க. நான் ஈக்குத்தான் பெரியம்மா பாப்பேன்னேன். அப்ப மாட்டு டாக்டரான்னு கேட்டாங்க. மாட்டு டாக்டரா இருந்திருந்தாலாவது வீட்டுக்கு நாலு பேர் வருவாங்க.

எங்க வீட்டுக்காரர் அதுக்கும் மேல. ஒய்ஃப் என்ன பண்றாங்கன்னு யாராவது கேட்டா, மூஞ்சியை சீரியசா வெச்சுக்கிட்டு, ஈ ஓட்டுறாங்கன்னு சொல்லுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவங்க கம்பெனிதான் பாக்குது. அப்படித்தான் பழக்கமே. ஒரு நாள் ரெண்டு தட்டு நிறைய ட்யூபோட நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. அவர் கதவை நெம்பித் திறந்து, மேல இருந்து எட்டிப் பாத்து, நீங்க மொதல்ல வர்றீங்களா தட்டு மொதல்ல வருதான்னு கேட்டார். தட்டுன்னேன். அந்த ஒரு பதில்லயே தன் நெலமை என்னன்னு தனக்குப் புரிஞ்சிருக்கணும்னு எங்க அண்ணிகிட்ட இன்னும் சொல்லிக்கிட்டிருப்பார். இருந்தார். இப்ப கொஞ்ச நாளா எதுவும் சொல்றதில்ல.

அதுக்குத்தான் வரேன். நீங்க மீன்ல ஆராய்ச்சி பண்ணவங்க, ஈயைப் பத்திச் சொல்லாம மத்தது புரியாது. இதோ பாருங்க, ட்யூப். ரெண்டு கட்டைவிரல் கனம். அடியில சாப்பாடு, மேல பஞ்சு. ஒரு ட்யூபுக்கு இருபது ஈ, மொத்தம் நாற்பது ட்யூப். மொத இருபதுக்கு ஒரு மரப்பட்டைச் சாறு கலந்த சாப்பாடு. அடுத்த இருபதுக்கு வெறும் சாப்பாடு. பட்டை தின்னது அதிக நாள் உயிரோட இருக்கா இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. அந்த ஒத்தைக் கேள்வியிலதான் என் வேலையே தொங்கிக்கிட்டிருந்துச்சு. ஜர்னல்ல பேப்பர் வந்தா எடம் நிரந்தரம், வரலைன்னா மூணு வருஷம் முடிஞ்சதும் சாவியைக் கொடுத்துட்டுப் போகணும். இப்ப கொடுக்கறேன்ல, இந்த மாதிரி.

எண்ணூறு ஈயும் பொண்ணா இருக்கணும். அதுவும் ஆணோட சேராத பொண்ணா இருக்கணும். சேர்ந்துட்டா முட்டை போட ஆரம்பிச்சுடும், அந்தக் களைப்புலயே சீக்கிரம் செத்துடும், அப்புறம் எது பட்டையால எது பிள்ளை பெத்ததாலன்னு பிரிக்க முடியாது. சிரிங்க, பரவால்ல. ரெண்டாம் வருஷத்துக்கு நடத்தும்போது கடைசி பெஞ்சு முழுக்க சிரிக்கும். கல்யாணம் பண்ணிக்கிட்டா ஆயுசு கொறையும்னு மேடமே ஒத்துக்கிட்டாங்கன்னு ஒருத்தன் நோட்டுலயே எழுதி வெச்சிருந்தான்.

பிறந்த ஈ ஒரு எட்டு மணி நேரம் ஆணைச் சேராது. அதுக்குள்ள பிரிச்சாகணும். காலையில ஏழு மணிக்கு வந்து பாட்டில்ல இருக்கறதை எல்லாம் காலி பண்ணணும். மத்தியானத்துக்குள்ள புதுசா வந்ததைப் பிடிச்சு, கேஸ் விட்டு மயக்கி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில கொட்டி, பிரஷ்ஷால ஆணை அந்தப் பக்கம், பொண்ணை இந்தப் பக்கம் தள்ளணும். ஆணுக்குப் பின்பக்க நுனி கறுப்பா இருக்கும். பிறந்த புதுசுல அந்தக் கறுப்பும் சரியா விழுந்திருக்காது, கண்ணை நட்டு வெச்சுப் பாக்கணும். அஞ்சு நாள் பிரிச்சேன். பட்டை ட்யூப் இருபதும் மொத மூணு நாள்ல முடிஞ்சுது. வெறும் சாப்பாட்டு ட்யூப் கடைசி ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள் பாத்து பக்கத்து செக்‌ஷன் சார் லீவு. அவர் கிளாசையும் நீங்களே பாத்துக்கோங்கன்னு ஆபீஸ்ல இருந்து சீட்டு வந்துச்சு. புதுசா வந்தவங்க மாட்டேன்னு சொல்ல முடியுமா? நாலு கிளாஸ், நின்னுக்கிட்டே. அதை முடிச்சுட்டு, எட்டு மணி நேரம் தாண்டிடுமேன்னு ரெண்டு மணிக்கு ஓடி வந்து அவசரமா பிரிச்சேன். பிரிச்சது முழுக்க நான்தான், வேற ஒரு கை படல.

அதுக்கப்புறம் செத்ததை எண்ணுற வேலைதான். திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு. பழைய ட்யூப்ல இருந்து புது ட்யூபுக்குத் தட்டி மாத்தணும், செத்ததை எண்ணணும், அதை அந்தந்த நம்பர் போட்ட குட்டி ஸ்பிரிட் பாட்டில்ல போட்டுடணும், நோட்டுல எழுதணும். பழைய ட்யூப் கழுவுற தட்டுக்குப் போயிடும். எல்லார் ட்யூபும் ஒரே தட்டு, அதுவும் வாரத்துக்கு ஒரு தடவதான் கழுவுவாங்க. அக்கா மொத வாரத்துல இருந்தே சொல்லிக்கிட்டிருந்தாங்க, உன் ட்யூபெல்லாம் ஒரே புழும்மா, கழுவவே வரமாட்டேங்குதுன்னு. சுடுதண்ணி ஊத்தி வெய்யுங்கக்கான்னு சொல்லிட்டு கிளாசுக்கு ஓடுவேன்.

இதான் நோட்டு. மேல தேதி. இந்தக் கட்டம் உயிரோட இருக்கறது, இந்தக் கட்டம் செத்தது. கடைசிக் கட்டம், இதுக்கு நான் தலைப்பே எழுதல பாருங்க, எனக்குத்தான் தெரியுமேன்னு விட்டுட்டேன். இது ஓடிப்போனதுக்கு. தட்டும்போது ஒண்ணு ரெண்டு பறந்துடும், யாராலயும் தடுக்க முடியாது. பறந்தா இதுல எழுதிட்டா போதும், மரியாதையா கணக்குல இருந்து எடுத்துடலாம், அதனால ஒரு குத்தமும் இல்ல. இதோ, என் கையெழுத்துல மூணு. இங்க அஞ்சு. அன்னைக்குப் பஞ்சு வழுக்கிடுச்சு. உங்க நோட்டுல இந்தக் கட்டத்துக்கு மொதல்ல பேர் எழுதுங்க. பெருசா எழுதுங்க.

ஞாயித்துக்கிழமைதான் பிரச்சனை. வேலைக்குப் போறவங்களுக்கு அன்னைக்கு கிளாஸ் நடக்கும்ல, ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும். அதுவும் எனக்குத்தான். வாரத்துல அவருக்கு லீவு அந்த ஒரு நாள். சரி, உனக்குப் பதிலா நான் போய்த் தட்டிட்டு வரேன், தட்டுறதுதானே, சொல்லிக் கொடுன்னார். ரூல்படி வெளியாள் தொடக் கூடாது. ஆனா இங்க யார் ரூலைப் பாக்கறாங்க, எல்லாருமே ஞாயித்துக்கிழமை யாரையாவது கூட்டிட்டுத்தான் வருவாங்க. ஒரே தடவ காட்டினேன், பிடிச்சுக்கிட்டார். திருகாணி பிடிச்சுப் பழகின கை. என்னை விட சுத்தமா தட்டுவார். நோட்டுல அவர் எழுத்தைப் பாருங்களேன், அச்சடிச்ச மாதிரி இருக்கும். லிஃப்ட் மேல ஏறினா, யார் ஏறினாங்க, எத்தனை மணிக்கு, என்ன பண்ணினாங்க, எல்லாம் அங்க மாட்டியிருக்கிற அட்டையில எழுதணுமாம். எழுதாம இறங்கக் கூடாதாம்.

வீட்ல என்ன பேசுவோமா? என்னத்தைப் பேசறது. நான் வருவேன், செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிச்சுடுவேன். இன்னைக்கு இவ்வளவு செத்துச்சு, அவன் பரிட்சையில இப்படி எழுதியிருக்கான், ஹெட் இதைச் சொன்னார், ஆணுக்குக் கறுப்பு சரியாவே தெரியல, கண்ணு எரியுது. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் புலம்பிட்டு அப்படியே சாய்ஞ்சுடுவேன். அவர் ம் கொட்டிக்கிட்டு போனைப் பாத்துக்கிட்டிருப்பார். இந்த மனுஷன் காதுல நான் சொல்றது எதாவது ஏறுதான்னு எனக்கு ஆத்திரமா வரும். அவர் நாள் எப்படிப் போச்சுன்னு நான் கேட்டிருப்பேனா? கேட்டதா ஞாபகம் இல்ல. இப்பதான் யோசிக்கிறேன்.

நாலாவது ஞாயித்துக்கிழமை. அவங்க அக்கா புது வீட்டுக்குக் குடி போறாங்க, காலையில ஒரு எட்டு போயிட்டு மத்தியானமா வந்து தட்டறேனேன்னார். நேரம் மாறக் கூடாதுன்னேன். ரெண்டு மணி நேரத்துல ஈ என்ன கோவிச்சுக்குமான்னார். வாசல்ல நின்னு செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னேன், ஒரு ஈ கொறைஞ்சாலும் என் மூணு வருஷம் போச்சு, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. ஒரு ஈ கொறைஞ்சா ஒண்ணும் போகாது. இதோ இந்தக் கட்டத்துல எழுதினா முடிஞ்சுது. அது எனக்குத் தெரியும். ஆனா அப்படிச் சொன்னாத்தானே அவர் அக்கா வீட்டுக்குப் போகாம இங்க வருவார்? அதுக்காக வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்.

அன்னைக்கு நடந்ததுதான் கழுவுற அக்கா சொன்னது. உடனே சொல்லல. எல்லாம் முடிஞ்சு, எல்லா ஈயும் செத்து, பட்டை தின்னது ஒம்பது நாள் அதிகமா இருந்துச்சுன்னு நான் எழுதி, பேப்பர் ஜர்னல்ல வெளிய வந்து, எனக்குக் கை கொடுத்து, அதுக்கெல்லாம் பிறகு சொன்னாங்க. அவங்க ரிட்டயர் ஆன அன்னைக்கு. ஒரு பையும் ஒரு சால்வையும் கொடுத்தோம், ஹெட் ரெண்டு வார்த்தை பேசினார். எல்லாரும் போன பிறகு தொட்டிகிட்ட நின்னு கையைக் கழுவிக்கிட்டே, உன் வீட்டுக்காரர் தங்கமான பிள்ளைம்மா, அன்னைக்கு ட்யூபைக் கீழ போட்டுட்டு எப்படிப் பதறிப் போச்சு தெரியுமான்னாங்க. எனக்குத் தெரியும்னு நெனச்சுத்தான் சொன்னாங்க. எந்த ட்யூப் அக்கான்னேன். பதினாலாம் நம்பராம். தரையில விழுந்து உடைஞ்சு, பாதிக்கு மேல பறந்துடுச்சாம். பதினொண்ணு. அப்புறம் பக்கத்துல இருந்த ஸ்டாக் பாட்டில், அதுல ஆணும் பொண்ணும் கலந்து கிடக்கும், அதைக் கொண்டு வந்து வெச்சுக்கிட்டு, வெளக்குக்கு அடியில ஒரு மணி நேரத்துக்கு மேல குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தாராம். பதினொண்ணை உள்ள போட்டு இருபது ஆக்கிட்டு, அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாராம். சொல்லிடாதீங்கக்கா, அவளுக்கு மூணு வருஷம் போயிடுமாம்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனக்கிறீங்க? அழுகையா? இல்லைங்க. ஆத்திரம். கிழட்டு ஈ இருக்கிற எடத்துல இளசை அள்ளிக் கொட்டினா அந்த ட்யூப் அதிக நாள் இருக்காம என்ன செய்யும்? மூணு தடவ எண்ணுறவ கட்டின வீட்டை இந்த மனுஷன் ஒரு நிமிஷத்துல இடிச்சுட்டாரேன்னு.

அவரைக் கேக்கல. கேட்டிருக்கணும். வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். மறுநாள் ஹெட்கிட்ட போய், பதினாலாம் நம்பர் ட்யூபைக் கீழ போட்டுட்டு வேற ஈயை வெச்சு நிரப்பிட்டேன் சார்னு சொல்லிட்டேன். நான் போட்டேன்னு. வெளியாளைத் தொட விட்டது வெளிய வந்தா அதுக்குத் தனியா ஒரு விசாரணை, அதனாலயும்தான். ஆனா அதுக்காக மட்டும்னு சொன்னா பொய். உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருந்துச்சு. பாருய்யா, உன் தப்பை நான் சுமக்கறேன், உனக்குத் தெரியக்கூடத் தெரியாதுன்னு. அது ஒரு கெட்ட சந்தோஷம்.

ஹெட் கத்துவார்னு நெனச்சேன். அந்த ட்யூபை மட்டும் எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கன்னார். போட்டேன். ஒம்பது நாள் எட்டரை ஆச்சு. அவ்வளவுதான். ஜர்னலுக்குத் திருத்தம் எழுதினோம், போட்டுட்டாங்க. மீட்டிங்ல ஹெட் எழுந்து, நேர்மைன்னா இது, தானா வந்து ஒத்துக்கிட்டாங்க, இளையவங்க கத்துக்கணும்னார். எல்லாரும் கை தட்டினாங்க. நான் டேபிளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வாழ்க்கையில நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரே பொய் அது, அதுக்குப் போய்க் கை தட்டறாங்க.

அதுக்கப்புறம் வீட்ல நான் பேசறதையே நிறுத்திட்டேன். சண்டை போட்டாக்கூட தேவலாம். கேட்டா பதில் சொல்றது, அதோட சரி. அவர் தட்டு கழுவிட்டு வருவார், துணி மடிப்பார், டீ போட்டுக் கொண்டு வந்து வெச்சுட்டு அங்கயே நிப்பார். நான் எதாவது தப்பு பண்ணிட்டேனான்னு ஒரு நாள் கேட்டார். இல்லையேன்னேன். அந்த இல்லையேயை எப்படிச் சொன்னேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னும் ரெண்டு வாரம் பாத்தார். அப்புறம், சைட் அந்தப் பக்கமா இருக்கு, போக வர சிரமமா இருக்குன்னு சொல்லி அவங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டார். ரெண்டு சட்டை மட்டும் எடுத்துட்டுப் போனார். வாரம் ஆக ஆக அலமாரியில சட்டை கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அப்படியே விட்டிருக்கலாம். எடம் நிரந்தரம்னு வாய் வார்த்தையா சொல்லிட்டாங்க. நீங்க இங்க வந்திருக்கவே மாட்டீங்க. என் புத்திக்குத்தான் அது போதல. அவரை என்னைக்காவது நேருக்கு நேரா நிக்க வெச்சுக் கேக்கணும்ல, அன்னைக்கு வெறும் வாயால கேக்கக் கூடாது, கையில ஆதாரம் இருக்கணும்னு தோணுச்சு. ஸ்டாக் பாட்டில்ல பாதிக்குப் பாதி ஆண். கண்ணை மூடி பதினொண்ணை அள்ளிப் போட்டிருந்தா அதுல அஞ்சு ஆறு ஆண் இருக்கும். ஸ்பிரிட் பாட்டில் நாற்பதும் இந்த அலமாரியிலதானே இருக்கு. எடுத்துப் பாத்து, இத்தனை ஆண், இதுதான் நீங்க பண்ண வேலைன்னு அவர் முன்னாடி வெக்கலாம்னு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து பதினாலைத்தான் மொதல்ல எடுத்தேன். தட்டுல கொட்டிப் பாத்தேன். எனக்கு சந்தேகமா போச்சு. இத்தனை மாசம் ஸ்பிரிட்ல கிடந்ததுல நுனிக் கறுப்பு வெளுத்துப் போயிருக்குமோன்னு. சரி, ஒப்பிட்டுப் பாப்போம், வெளுத்த பொண்ணு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா இதைப் பிரிச்சுடலாம்னு, வேற ட்யூபோட பாட்டிலை எடுத்தேன். அவர் எதையும் சேர்க்காததா, சுத்தமானதா, நான் பிரிச்சதுன்னு ஒண்ணு. முப்பத்தி ஒண்ணு.

அதுல ரெண்டு ஆண்.

கறுப்பு வெளுக்கவே இல்ல. பளிச்சுன்னு இருந்துச்சு. ஆணுக்கு முன்னங்கால்ல சீப்பு மாதிரி குட்டியா முடி இருக்கும், அதையும் பாத்தேன், இருந்துச்சு. முப்பத்தி நாலுல மூணு. முப்பத்தி ஆறுல ஒண்ணு. நாற்பதையும் ஒவ்வொண்ணா பாத்து முடிச்சேன். ஏழு ட்யூப்ல ஆண். ஏழும் வெறும் சாப்பாட்டு ட்யூப், கடைசி ரெண்டு நாள்ல நாலு கிளாஸ் முடிச்சுட்டு வந்து நான் பிரிச்சது. அக்கா மொத வாரத்துல இருந்தே சொன்னாங்கல்ல, புழு புழுன்னு. பொண்ணு மட்டும் இருக்கிற ட்யூப்ல புழு எப்படிங்க வரும்? ரெண்டாம் வருஷப் பையனைக் கேட்டா சொல்லுவான். பக்கத்து மேசைக்காரர் ட்யூபா இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன். நெனச்சேன்னுகூட சொல்லக் கூடாது. நின்னு நெனக்க நேரமே இல்ல.

புரியுதா? அந்த ஏழு ட்யூப்ல முட்டை போட்டுப் போட்டு சீக்கிரம் செத்துச்சு. அதனால பட்டை தின்னது நெறைய நாள் இருந்த மாதிரி தெரிஞ்சுது. அந்த ஏழையும் எடுத்துட்டுக் கணக்குப் போட்டேன். எட்டரை நாள்னு கை தட்டினாங்களே, அது ஒரு நாள்கூட முழுசா வரல. பட்டையில ஒண்ணும் இல்ல. வெறும் பட்டை.

திங்கக்கிழமை காலையில பேப்பரையே திரும்ப எடுத்துக்கறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். இந்தத் தடவ யாரும் கை தட்டல. ஒரு தப்புன்னா நேர்மை, ரெண்டாவது தப்புன்னா சந்தேகம், அவ்வளவுதான் வித்தியாசம். மொதல்ல ஒத்துக்கிட்டதே இதை மறைக்கத்தான்னு யாரோ சொன்னாங்களாம். அதுதான் சுத்தி சுத்தி உங்ககிட்ட வந்திருக்கு.

அவருக்கா? பேப்பர் போனதும் வேலை போனதும் தெரியும். போன்ல சொன்னேன். என்னாலயான்னு கேட்டார். இல்ல, அது வேறன்னேன். தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டிருக்கார், எனக்கு நல்லாவே தெரியும். ரெண்டு மாசம் ஆச்சு. ரெண்டு மாசமா அவரை அப்படியே நெனக்க விட்டிருக்கேன். ஏன்னு கேக்காதீங்க. ஹெட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டேன், ஜர்னலுக்கு எழுதிட்டேன், முன்பின் தெரியாத உங்களுக்கு இவ்வளவு நேரம் சொல்லிட்டேன். அவர்கிட்ட மட்டும் வாய் வரல. தப்பு என்னுதுன்னு சொன்னா, அப்ப இத்தனை நாள் ஏன் அப்படி இருந்தேன்னு கேப்பாரே.

இருங்க, போன். ம். ம். நாலாவது மாடிதான். இல்ல, ரெண்டு பெட்டிதான், கனம் இல்ல. ம், வாங்க.

அவர்தான். பெட்டி தூக்க வரேன்னு காலையில அவரா போன் பண்ணார். கீழ வந்துட்டார். லிஃப்ட் வேலை செய்யுதுல்ல? செய்யும், செய்யும், அவர் பாக்கற லிஃப்ட்டாச்சே.

நோட்டை நீங்களே வெச்சுக்கோங்க, கட்டம் எப்படிப் போடறதுன்னு பாக்க உதவும். ஸ்பிரிட் பாட்டில்ல முப்பத்தி ஒம்பது உங்களுக்கு. ஒண்ணு மட்டும் நான் கைப்பையில எடுத்துட்டுப் போறேன், லிஸ்ட்ல எழுதிட்டேன், அவர்கிட்ட காட்டணும். ஆமா, பதினாலுதான். அதுல எத்தனை ஆணா? அதைத்தான் சொல்லாம விட்டுட்டேனா?

அதுல ஆணே இல்லைங்க. அந்த ஒரு மணி நேரமும் நுனிக் கறுப்பைப் பாத்துப் பாத்துப் பிரிச்சிருக்கார். இருபதும் பொண்ணு. மூணு தடவ எண்ணினேன்.